வாசகர் கேள்வி – பதில்: ஆஸ்திரேலியக் காற்பந்தில் இளையோரைத் தேர்ந்தெடுக்கும் முறை நியாயமானதா?

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, படித்து, பின்னர் மெல்பர்னிலும் பெர்த்திலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அங்கே முட்டை வடிவப் பந்தை உதைத்து வளர்கிறார்கள். இங்கே இருக்கும் தாத்தாக்களும் பெரியம்மாக்களும் அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இம்மாதம் வந்தவற்றில் ஐந்து கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் பேரன் ஆதரிக்கும் அணி இவ்வாண்டு கடைசி இடத்தில் முடிந்தது. அதனால் நாட்டிலேயே சிறந்த இளம் ஆட்டக்காரர் தங்களுக்குத்தான் கிடைப்பார் என்று அவன் மகிழ்ச்சியோடு சொல்கிறான். தோற்றவனுக்குப் பரிசு கொடுப்பது எந்த ஊர் நியாயம்?
— ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அந்த முறையை டிராஃப்ட் என்கிறார்கள். ஏ.எஃப்.எல். எனப்படும் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கில் இப்போது 18 கிளப்புகள் உள்ளன. பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்கள் பொதுப் பட்டியல் ஒன்றில் பெயர் கொடுக்கிறார்கள். பருவம் முடிந்ததும், கடைசியில் நின்ற கிளப் முதலிலும் வெற்றிக் கிண்ணம் வென்ற கிளப் இறுதியிலுமாக ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1986இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு முன்பு, விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறப் பகுதிகளைக் கிளப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். மார்னிங்டன் தீபகற்பம் போன்ற வளமான பகுதி ஹாத்தர்ன் கிளப்புக்குப் போனது. அந்தக் கிளப் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிண்ணங்களாக வென்று குவித்ததில் அந்தப் பங்கீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆள் கிடைக்காத பகுதி வாய்த்த கிளப் பல ஆண்டுகள் தவித்தது.

நம் நாட்டு நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால் டிராஃப்டின் பயன் தெளிவாகத் தெரியும். மலேசிய சூப்பர் லீக்கை 2014 முதல் தொடர்ச்சியாக ஜொகூர் அணியே வென்று வருகிறது. அந்த அணியின் நிர்வாகத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வசதியுள்ள இடத்துக்கே நல்ல ஆட்டக்காரர்கள் போய்ச் சேர்வதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லை. ஆஸ்திரேலியர்கள் டிராஃப்டையும் சம்பள உச்சவரம்பையும் சேர்த்து வைத்து, எந்தக் கிளப்பும் நெடுங்காலம் கீழேயே கிடக்காதபடி பார்த்துக்கொள்ள முயல்கிறார்கள்.

நீங்கள் அஞ்சும் ஆபத்தும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. முதல் தேர்வு கிடைக்கும் என்பதற்காக ஆட்டத்தைக் கைவிடுகிறார்களோ என்ற சந்தேகம் பலமுறை எழுந்திருக்கிறது. மெல்பர்ன் கிளப்பின் 2009ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி லீக் விசாரணை நடத்தி, 2013இல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது நிறுவப்படவில்லை; ஆயினும் பொறுப்பாளர்கள் இருவர் தடைக்கு உள்ளானார்கள்.

ஐயா, இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். டிராஃப்ட் வழங்கும் நியாயம் கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலான நியாயம். அது பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே நியாயம் செய்கிறதா என்பது வேறு கேள்வி. அடுத்து வரும் கடிதங்கள் எல்லாமே அந்த இரண்டாவது கேள்வியைத்தான் வெவ்வேறு வகையில் கேட்கின்றன.

கேள்வி: என் தங்கை மகன் மெல்பர்னின் புறநகரில் இருக்கிறான். நன்றாக விளையாடுகிறான் என்று அவனுடைய கிளப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுக்குட்பட்ட வட்டார அணிக்கு அவனை எடுக்கவில்லை. ஆளும் சிறியவன், நிறமும் வேறு. தங்கை மனம் உடைந்து போயிருக்கிறாள். நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்களா? இனி அவனுக்கு வழியே இல்லையா?
— ஒரு பெரியம்மா, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நிறம்தான் காரணமா என்பதை ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கிருந்து சொல்வது பொறுப்பாகாது. அந்த ஆட்டத்தில் நிறவெறி இருந்ததே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆடம் குட்ஸ் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இருமுறை வென்றவர். அவர் திடலில் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது. மனம் வெறுத்து அவர் 2015இல் ஓய்வு பெற்றார். 2019இல்தான் லீக்கும் 18 கிளப்புகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன.

ஆனால் நீங்கள் எழுதியதில், ஆள் சிறியவன் என்ற சொற்கள்தான் என் கவனத்தை முதலில் இழுத்தன. தங்கை மகன் எந்த மாதத்தில் பிறந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே வயதுப் பிரிவுகளும் டிராஃப்டும் நாட்காட்டி ஆண்டைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது தோள் அகலத்திலும் கால் வேகத்திலும் கண்கூடாகத் தெரியக்கூடியது. முன்கூட்டியே வளர்ந்த பையன் மோதலில் வெல்கிறான், பயிற்சியாளரின் கண்ணில் படுகிறான், வட்டார அணிக்குள் நுழைகிறான். நுழைந்தவனுக்கு நல்ல பயிற்சியும் உணவு ஆலோசனையும் மருத்துவக் கவனிப்பும் கிடைக்க, தொடக்கத்தில் வெறும் வயது இடைவெளியாக இருந்தது ஓரிரு ஆண்டுகளில் உண்மையான திறமை இடைவெளியாகவே மாறிவிடுகிறது. பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் இதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் காற்பந்தும் இதற்கு விலக்கில்லை.

பாதையைச் சொல்கிறேன், தங்கைக்குச் சொல்லுங்கள். விக்டோரியாவில் உள்ளூர்க் கிளப்பிலிருந்து வட்டார அணிக்குப் போக வேண்டும். டாண்டினாங் ஸ்டிங்ரேஸ், கிப்ஸ்லாண்ட் பவர் போன்றவை அத்தகைய அணிகள். அவை 1992இல் தொடங்கிய பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடுகின்றன. அங்கே சிறந்து விளங்குபவர் மாநில அணிக்குப் போகிறார். பின்னர் உடல்திறன் சோதனை: 20 மீட்டர் விரைவோட்டம், மேல்நோக்கித் தாவுதல், 2 கிலோமீட்டர் ஓட்டம் முதலியவை. அதன் பிறகு டிராஃப்ட். ஒவ்வொரு படியிலும் பணமும் நேரமும் செலவாகும். வாரத்தில் பல மாலைகள் பயிற்சிக்கு யாராவது காரில் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, திரும்ப அழைத்து வர வேண்டும். அப்பா இரவு வேலையிலும் அம்மா கடையிலும் இருக்கும் வீட்டில் அதற்கு ஆள் இல்லை. மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளிலோ முழுநேரப் பயிற்சியாளரும் உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. திறமையான பையன்களுக்கு அவை உதவித்தொகையும் கொடுக்கின்றன. டிராஃப்ட் இரவில் அழைக்கப்படும் பெயர்களில் அத்தகைய பள்ளி மாணவர்கள் கணிசமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பதினாறு வயதில் கதவு மூடிவிடவில்லை, அம்மா. மேத்யூ பிரிடிஸ் என்பவரைத் தேசிய டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. ரூக்கி பட்டியல் என்னும் பக்கவழியாக வெஸ்ட் கோஸ்ட் கிளப்பில் நுழைந்த அவர் 2014இல் பிரவுன்லோ பதக்கம் வென்றார். மார்லியன் பிக்கெட் இளமையில் சிறை சென்று மீண்டவர். 2019இல், தம் 27ஆம் வயதில், பருவத்தின் நடுவே நடந்த டிராஃப்டில் ரிச்மண்ட் கிளப்பால் எடுக்கப்பட்டு, தம் முதல் ஆட்டத்தையே கிண்ணத்துக்கான இறுதி ஆட்டமாக ஆடி வெற்றியும் கண்டார். இவர்கள் விதிவிலக்குகள்தாம், ஆனாலும் பையனிடம் சொல்லத் தகுந்த விதிவிலக்குகள்.

இன்னொன்றையும் தங்கை விசாரிக்கட்டும். 2016 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டு, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கும் என அடுத்த தலைமுறை அகாடமிகள் நடத்தப்படுகின்றன. உங்கள் தங்கை மகன் அதில் சேரத் தகுதி உடையவனாக இருக்கலாம். தங்கை வாழும் பகுதி எந்தக் கிளப்புக்கு உரியது என்று கேட்டு, அந்தக் கிளப்பின் அகாடமிக்கு நேராகவே எழுதச் சொல்லுங்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2020இல் ஜமாரா யுகல்-ஹேகன் என்ற பூர்வகுடி இளைஞர், அகாடமி வழியாக வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்கு முதல் தேர்வாகவே போய்ச் சேர்ந்தார். மற்றக் கிளப்புகள் முணுமுணுத்தன. அதன்பின் முதல் 20 தேர்வுகளுக்குள் வரக்கூடிய அகாடமிப் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புகளிடமிருந்து பறிக்கப்பட்டது. அடுத்து அந்த எல்லை 40 ஆனது. 2024இல் அத்தடை நீக்கப்பட்டது. தான் வளர்த்த நல்ல பிள்ளை தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தால் எந்தக் கிளப் குடியேறிகளின் புறநகரில் பணம் செலவழிக்கும்? கிளப்புகளின் தகராறைத் தீர்க்க எழுதப்பட்ட விதி, பிள்ளைகளைத் தேடிப் போகும் ஆர்வத்தை மூன்று நான்கு ஆண்டுகள் முடக்கி வைத்தது என்பதே என் கருத்து.

கேள்வி: தந்தை விளையாடிய கிளப்புக்கே மகனும் போகலாம் என்று ஒரு விதி இருப்பதாகப் படித்தேன். இது பரம்பரை உரிமை ஆகாதா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: ஆகும், டீச்சர். 1949 முதல் வழக்கில் உள்ள விதி அது. இன்றைய நிலையில், தந்தை ஒரு கிளப்பின் முதன்மை அணியில் 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால், அந்தக் கிளப் மகனை முன்னுரிமையோடு பெறலாம். முன்பு அது ஏறக்குறைய இனாமாகவே கிடைத்தது. 2006இல் டாம் ஹாக்கின்ஸ் நாட்டின் மிகச் சிறந்த இளைஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். ஆனால் ஜீலோங் கிளப் அவரை 41ஆவது தேர்வில் எடுத்துக்கொள்ள முடிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே மறு ஆண்டு ஏலம் போன்ற ஒரு முறை வந்தது: வேறொரு கிளப் அந்த மகனின் பெயரை அறிவித்தால், தந்தையின் கிளப் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். 2015 முதல் அந்த ஈடு புள்ளிக் கணக்கானது. முதல் தேர்வின் மதிப்பு 3,000 புள்ளிகள். கீழே போகப்போக மதிப்பு குறையும். பின்வரிசைத் தேர்வுகள் பலவற்றைச் சேர்த்துக் கொடுத்து முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரைப் பெறலாம் என்பதும், முதல் சுற்றில் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதும் விமர்சனத்துக்கு உள்ளாயின. 2025இல் தள்ளுபடி 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

2021இல் நிக் டேக்கோஸ் தம் தந்தையின் காலிங்வுட் கிளப்புக்கு 4ஆவது தேர்வாகப் போனார். பிரிஸ்பேன் கிளப் வில் ஆஷ்கிராஃப்டை 2022இல் 2ஆவது தேர்வாகவும், தம்பி லீவையை 2024இல் 5ஆவது தேர்வாகவும் பெற்றது. அந்தக் கிளப் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் கிண்ணம் வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சிறந்த ஆட்டக்காரர் வில் ஆஷ்கிராஃப்ட்தான். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய வட மாநிலங்களின் கிளப்புகள் தம் பகுதியில் நடத்தும் அகாடமிகளுக்கும் இதே போன்ற முன்னுரிமை இருப்பதால், 2023இல் கோல்ட் கோஸ்ட் கிளப் ஒரே ஆண்டின் முதல் சுற்றில் நான்கு அகாடமிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. ரக்பி செழித்த மண்ணில் இந்த ஆட்டத்தை வளர்க்க அகாடமி வேண்டும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. தந்தை–மகன் விதிக்கு அத்தகைய வாதம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. ரசிகர்களுக்குப் பாசம் உண்டு, அது இனிமையானது, அவ்வளவே.

இந்த விதியைப் பற்றிப் பலரும் பேசாத ஒரு கோணம் இருக்கிறது. தந்தை–மகன் விதிக்கு உட்பட்ட இளைஞர் அதை மறுக்கவும் செய்யலாம். மார்க் மர்ஃபி பிரிஸ்பேனுக்குப் போக உரிமை பெற்றிருந்தும், பொது டிராஃப்டுக்குத் தம் பெயரைக் கொடுத்து, 2005இல் கார்ல்ட்டன் கிளப்பின் முதல் தேர்வானார். ஆக, எங்கே போவது என்பதில் குரல் உள்ளவர், புகழ் பெற்ற ஆட்டக்காரரின் மகன் மட்டுமே. பால்மரம் சீவியவரின் பேரனாக அங்கே வளரும் பிள்ளைக்கு அந்தத் தெரிவு இல்லை; அவனுடைய தந்தை எவ்வளவு ஆசைப்பட்டாலும் 100 ஆட்டங்கள் ஆடியிருக்க வழியில்லை.

கேள்வி: பதினெட்டு வயதில் ஒருவரை அவர் விருப்பம் கேட்காமல் பெர்த்திலிருந்து மெல்பர்னுக்கு அனுப்புவது, அந்தக் காலத்தில் கங்காணி நம் மூதாதையரைக் கொண்டு வந்ததைப் போல் இல்லையா?
— படிவம் ஆறு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது, ஒப்பீட்டை மட்டும் ஏற்க மாட்டேன். நம் கொள்ளுத்தாத்தாக்கள் கடனில் கட்டுண்டு வந்தார்கள், திரும்பிப் போக வழியின்றி லயத்துக்குள் அடைந்தார்கள், அவர்களுக்காகப் பேச நெடுங்காலம் சங்கமே இல்லை. இந்த இளைஞர்களுக்கு நல்ல ஊதியம் உண்டு, 1973இலிருந்து ஆட்டக்காரர் சங்கம் உண்டு, டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் கையில்.

எனினும் நீ கேட்பதன் சாரம் சரியானதே. வேலையில் சேரும் முதல் நாளில் முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கிளப்புகளின் சமநிலைக்காக அந்த இளைஞர் விட்டுக்கொடுக்கிறார். ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தென் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். 2021இல் நார்த் மெல்பர்ன் கிளப்பின் முதல் தேர்வாகப் போய், ஒரே பருவத்துக்குப் பின் ஊர் திரும்பி போர்ட் அடிலேய்டில் சேர்ந்தார். அவரைப் பழித்தவர்கள் ஏராளம். வீட்டை விட்டுத் தொலைவில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் தவிக்கும் பதினெட்டு வயதுப் பையனை என்னால் பழிக்க இயலவில்லை. ஒரே கிளப்பில் எட்டுப் பருவங்கள் முடித்தவருக்கு விருப்பப்படி இடம் மாறும் உரிமை 2012இல்தான் வந்தது. எட்டு ஆண்டுகள் என்பது பல ஆட்டக்காரர்களின் ஆட்ட வாழ்க்கையை விடவும் நீளம். அந்தக் காலத்தைக் குறைப்பதே முதல் சீர்திருத்தமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பெண்கள் லீக் 2017இல் தொடங்கியபோது ஊதியம் பகுதிநேர வேலைக்குரியதாக இருந்ததால், ஆட்டக்காரர்கள் தாம் ஆட விரும்பும் மாநிலத்தைத் தாமே குறிப்பிட்டு, அம்மாநிலக் கிளப்புகளால் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். விருப்பத்தைக் கேட்டுக்கொண்டே டிராஃப்ட் நடத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: கோயில் திடலில் பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி நடத்துகிறோம். நம்மிடம் டிராஃப்ட் கிடையாது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
— இளைஞர் மன்றப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்

பதில்: நிறையவே உண்டு, தம்பி. இங்கும் பள்ளி அணிகள் பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிக்கப்படுகின்றன. ஆகையால் டிசம்பர்ப் பிள்ளைக்கு நேர்வது நம் திடலிலும் நேர்கிறது. வட்டாரத் தேர்வு ஒன்றைப் பலமுறை கவனித்திருக்கிறேன். எந்த அமைப்பு நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. காலை எட்டு மணிக்குத் தேர்வு என்பார்கள். தோட்டப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஒன்றுதான். அது இரண்டு நடை அடித்தாக வேண்டும். இரண்டாம் நடையில் வருபவர்கள் இறங்கும்போது மற்றவர்கள் வார்ம்-அப் முடித்து, சட்டையில் எண் எழுதிய தாளை ஊசியால் குத்திக்கொண்டு தயாராக நிற்பார்கள். தாமதமாக வந்தவர்களில் சிலர் ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், அளவு பொருந்தாவிட்டாலும். இருபது நிமிட ஆட்டம் ஒன்று; உயரமானவர்கள் நடுவில், சிறியவர்கள் ஓரத்தில்; பந்து ஓரத்துக்கு வந்தால்தானே அவர்கள் ஆடிக் காட்ட முடியும்? பதினோரு மணிக்குப் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும். பெயர் வராத பிள்ளைக்குக் காரணம் சொல்ல எவரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் மாவட்டமும், பின்னர் பேராக் மாநில அணியும், புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கிளைக்கின்றன.

நீங்கள் நடத்தும் தேர்வைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில் வையுங்கள். தோட்ட வேன் முழுவதும் வந்து சேர்ந்த பிறகே தொடங்குங்கள். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்து, தேர்வானவர்களில் எத்தனை பேர் ஆண்டின் முதல் பாதியில் பிறந்தவர்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் அப்படியே என்றால், வளர்ச்சியைத் திறமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிறியவர்களை நடுவிலும் ஆடவிடுங்கள். பூட்ஸ் வாங்கும் வெள்ளியை நன்கொடையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கிண்ணத்துக்கும் சீருடைக்கும் பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். பதினேழு பதினெட்டு வயதில் மீண்டும் வந்து ஆடிக்காட்ட விரும்பும் பையன்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள். தேர்வாகாத ஒவ்வொரு பிள்ளையிடமும் எதில் தேற வேண்டும் என்பதை ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, அடுத்த தேர்வு நடக்கும் தேதியையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.